கழித்துப் பார்க்காத குளோரைடு

மண்டபம் பக்கம் கடலில் பாசி எடுக்கிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். "நேத்துல இருந்து இளைப்பு சார்" என்று மகன் தூக்காத குறையாகக் கூட்டி வந்தான். வழியில் எங்கோ நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் சுத்தம், ஆக்சிஜன் 99. மூச்சு மட்டும், முங்கி எழுந்தவர் இழுப்பதுபோல ஆழமாக, ஓயாமல்.

இரண்டு நாள் வாந்தி. சாப்பிடாத வயிற்றுக்கு ஊசி எதற்கு என்று இன்சுலினை நிறுத்தியிருக்கிறார். (இந்தப் பதிலை நான் கேட்காத மாதம் குறைவு.) சுகர் 480. ஏபிஜியில் (தமனி ரத்தப் பரிசோதனை) பிஎச் 7.14, அமிலத்தைத் தணிக்கிற பைகார்பனேட் 6, கார்பன் டை ஆக்சைடு 18. இன்சுலின் இல்லாமல் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிட்ட சர்க்கரை நோயாளி. பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால், கார்பன் டை ஆக்சைடு இருக்க வேண்டிய அளவு 17. இரண்டு கூடக் குறைய இருக்கலாம். ரத்தத்தில் ஏறிய அமிலத்துக்கு ஈடாக நுரையீரல் ஒழுங்காக உழைக்கிறது என்று அர்த்தம். அதே இடத்தில் 30 வந்திருந்தால் ஆள் சோர்ந்துபோகிறார் என்று வென்டிலேட்டரை இழுத்திருப்பேன்.

அதுவரை சரி. ராத்திரி முழுக்க நார்மல் சலைன் என்கிற உப்புநீரும் இன்சுலினும் போயின. விடியற்காலை பைகார்பனேட் 13. கீட்டோன் இன்னும் தீரவில்லை என்று நானாக முடிவுகட்டி, இன்சுலினைக் கூட்டச் சொன்னேன். சிஸ்டர் பம்ப்பைத் தொடவில்லை.

"டாக்டர், பொட்டாசியம் 2.9. பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. வந்தபோது 5.4 இருந்ததில் நிம்மதியாகிவிட்டேன். உடம்பின் இருப்பு அப்போதே கரைந்திருந்தது. செல்லை விட்டு வெளியே வந்து ரத்தத்தில் நின்றதைத்தான் அந்த எண் காட்டியது. இன்சுலின் அதைத் திரும்ப உள்ளே தள்ளும். 3.3க்குக் கீழே போன பிறகும் ஓட்டினால் இதயம் தாளம் தப்பும்.

சீனியர் வந்தார். ஏபிஜி தாளைத் திருப்பிப்போட்டு எழுதினார்: சோடியம் 138, அதில் குளோரைடு 114, பைகார்பனேட் 13 போனால் மிச்சம் 11. முதல் நாள் இதே கணக்கில் மிச்சம் 28. கீட்டோ அமிலம் சேர்ந்தால் இந்த மிச்சம் கூடும். கீட்டோ அமிலம் எப்போதோ அடங்கிவிட்டது. இப்போது பைகார்பனேட்டை அமுக்கிக்கொண்டிருந்தது நான் ஏற்றிய குளோரைடு. பெயர்தான் நார்மல் சலைன். லிட்டருக்கு 154 குளோரைடு, ரத்தத்தில் இருப்பதோ நூற்றுச் சொச்சம்.

"உப்பளத்து ஊர்க்காரன், உப்பைக் கோட்டை விட்டுட்டியேப்பா" என்றார்.

இன்சுலினை நிறுத்தி, பொட்டாசியத்தை மெல்ல ஏற்றி, சலைனை, குளோரைடு குறைவான ரிங்கர் லாக்டேட்டுக்கு மாற்றினோம். மறுநாள் மதியம் மகன் பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"சார், அம்மாவுக்கு மூச்சே தெரியல!"

போய்ப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.