ரோட்டார் மாத்தினா கவுன்ட்டர்வெயிட்டையும் பாருங்க

மாஸ்டா 13பி ரோட்டரி இன்ஜினுக்கு (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டார் சுத்தற இன்ஜின்) வேற சீரீஸ் ரோட்டார் கிடைச்சா, ஹவுசிங்கில் (ரோட்டார் சுத்தற கூடு) உட்காருதேன்னு பூட்டிடாதீங்க. ரோட்டார் எடைக்கு ஏத்த கவுன்ட்டர்வெயிட் (சமன் செய்யற எடை) இன்ஜினுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேணும். இல்லேன்னா ஐடிலில் ஒண்ணும் தெரியாது, ஆர்பிஎம் ஏறினதும் அதிர்ந்து பேரிங்கைத் தின்னுடும்.

ஏபெக்ஸ் சீல் (ரோட்டாரின் மூணு நுனியிலும் இருக்கிற சீல்) உட்கார்ற பள்ளத்தின் அகலம் 1985 வரை 3 மி.மீ., 1986-லிருந்து 2 மி.மீ. 2-ஐ மில்லிங் போட்டு 3 ஆக்கலாம், திரும்ப 2 ஆக்க முடியாது.

ரொம்பப் பேர் அவசரப்படுறது சைடு சீலில்தான் (ரோட்டாரின் பக்கவாட்டில் இருக்கிற சீல்). ஒவ்வொண்ணையும் அதது பள்ளத்திலேயே வச்சு, நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா உரசி, மூலையில் இருக்கிற கார்னர் சீலுக்கும் அதுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க: 0.05–0.15 மி.மீ. இறுக்கமா விட்டா சூட்டில் நீண்டு கார்னர் சீலை முட்டிப் பிடிச்சுக்கும்.

பூட்டின பிறகு கம்ப்ரெஷன் (உள்ளே காத்து அமுங்கற அழுத்தம்) பார்க்கறப்போ ஒண்ணு: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காத்து மெலிசு. அதனால கம்ப்ரெஷன் கோயம்புத்தூரைவிடக் குறைச்சலாத்தான் காட்டும், பதறாதீங்க. ஒரே ரோட்டாரின் மூணு பக்கமும் சமமா வருதான்னு பாருங்க.