எஃப்-டிராய்டில் ஆப் சேர்த்த அனுபவம்: ஆப்பில் கையெழுத்திடும் கீயை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்

எஃப்-டிராய்டு என்பது ஆண்ட்ராய்டுக்கான ஓப்பன் சோர்ஸ் ஆப்புகளின் களஞ்சியம். அதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு அடிக்கடி காதில் விழும். "அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம்" என்பார்கள். இல்லாவிட்டால் "அது ஹேக்கர்களுக்கான இடம், நமக்குச் சரிப்படாது" என்பார்கள். என் ஆப் ஒன்றை அங்கே சேர்த்து முடித்த பிறகு சொல்கிறேன், இரண்டுமே தப்பு. பெரிய ஸ்டோர்களைவிட அங்கே கேள்விகள் அதிகம். கேட்பவர் யார் என்று தெரியும், பதில் சொன்னால் படிப்பார், வேண்டுமானால் வாதாடலாம் என்பதுதான் வித்தியாசம்.

ஆப் சின்னதுதான். வைத்திருக்கும் புத்தகங்களைக் கணக்கு வைக்க உதவும். பின்னட்டையில் உள்ள பார்கோடைக் கேமராவில் காட்டினால் ஐஎஸ்பிஎன் எண்ணைப் படித்து, ஓப்பன் லைப்ரரி என்ற இணையப் புத்தகப் பட்டியலிலிருந்து தலைப்பு, ஆசிரியர் பெயர், அட்டைப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது, பட்டியல் போனிலேயே இருக்கும். திறந்த மென்பொருளுக்கான ஜிபிஎல் 3 உரிமம்.

முதலில் இது ஒரு பெரிய ஸ்டோரில் மட்டும்தான் இருந்தது. ஒருமுறை ஒரு அப்டேட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். பயனர்கள் தங்கள் கணக்கை நீக்குவதற்கான இணைப்பைக் காட்டவில்லையாம். கணக்கே இல்லாத ஆப்பில் எதை நீக்குவது? விளக்கி எழுதினேன். முதலில் வந்த அதே வார்ப்புக் கடிதம் மறுபடி வந்தது. கடைசியில் "இந்த ஆப்பில் கணக்கு என்று எதுவும் இல்லை" என்று ஒற்றை வரியில் ஒரு பக்கம் போட்டு இணைப்பைக் கொடுத்ததும் சத்தமில்லாமல் அப்டேட் ஏறியது. யார் பார்த்தார்கள், மனிதரா நிரலா என்பது இன்றுவரை தெரியாது. அதன் பிறகுதான் வேறு வழியையும் வைத்துக்கொள்வோம் என்று எஃப்-டிராய்டு பக்கம் வந்தேன்.

எஃப்-டிராய்டு 2010இல் தொடங்கிய திட்டம். பெரும்பாலும் தன்னார்வலர்களால் ஓடுகிறது. நாம் கட்டிய ஏபிகேயை (போனில் நிறுவும் ஆப் கோப்பை) வாங்கி அப்படியே அடுக்கிவைக்கும் இடமல்ல அது. நம் சோர்ஸ் கோடை, அதாவது நாம் எழுதிய நிரலை, எடுத்து அவர்களுடைய சர்வரில் அவர்களே பில்ட் செய்வார்கள், அதாவது ஆப்பாகக் கட்டுவார்கள். மற்ற எல்லா நிபந்தனைகளும் இதிலிருந்துதான் வருகின்றன. கோடு முழுக்கத் திறந்ததாக இருக்க வேண்டும், அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளும் (மற்றவர்கள் எழுதிய ஆயத்தக் கோடு) அப்படியே இருக்க வேண்டும், கோடு வெளியிடாத மூடிய பைனரி எதுவும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சேர்ப்பதற்கு இரண்டு வழி. "இந்த ஆப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கோரிக்கை வைத்துவிட்டு யாராவது எடுத்துச் செய்யும்வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் கோடு சேமிக்கும் தளமான கிட்லேபில் அவர்களுடைய மெட்டாடேட்டா களஞ்சியத்தை (ஆப்புகளின் விவரக் கோப்புகள் இருக்கும் இடம்) ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து, நம் ஆப்புக்கான யாம்ல் என்ற விவரக் கோப்பை நாமே எழுதி, இதைச் சேருங்கள் என்று மெர்ஜ் ரெக்வெஸ்ட் அனுப்பலாம். நான் இரண்டாவது வழியில் போனேன். கோப்பு அப்படியொன்றும் பெரிதில்லை: உரிமம், சோர்ஸ் எங்கே இருக்கிறது, எந்தக் கமிட்டிலிருந்து (கோடின் எந்த நிலையிலிருந்து) பில்ட் செய்வது, புதிய பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான். அறிமுகம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் நம் களஞ்சியத்திலேயே ஃபாஸ்ட்லேன் என்ற கருவியின் கோப்புறை அமைப்பில் இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு வரி அறிமுகம் 80 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதில் "ஓப்பன் சோர்ஸ்" என்று பெருமையடிக்க வேண்டியதில்லை, அங்கே இருப்பதெல்லாம் அதுதானே.

அனுப்புவதற்கு முன்னால், ஏற்க முடியாத கோடு இருக்கிறதா என்று தேடும் அவர்களுடைய ஸ்கேனரை என் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே சிவப்பு வரிகள். பார்கோடு படிக்க எம்எல் கிட், கிராஷ் தகவலுக்கு ஃபயர்பேஸ் கிராஷ்லிட்டிக்ஸ். இரண்டும் கூகுளின் லைப்ரரிகள், எஃப்-டிராய்டு ஏற்காது.

கிராஷ்லிட்டிக்ஸை எடுத்துவிட்டு அக்ரா என்ற திறந்த லைப்ரரியைப் போட்டேன். கிராஷ் ஆனால் பயனரிடம் கேட்டு, சரி என்றால் மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும்படி அமைத்தேன். வரும் தகவல் குறைந்தது உண்மைதான். ஆனால் எழுதுபவர்கள் என்ன செய்துகொண்டிருந்தபோது நடந்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுகிறார்கள், அது கோடில் எங்கே முறிந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸைவிட உதவுகிறது.

எம்எல் கிட் விஷயம்தான் உழைப்பு வாங்கியது. மாற்று, இசட்க்ராஸிங் என்ற திறந்த பார்கோடு லைப்ரரி. நல்ல லைப்ரரிதான், ஆனால் நேர்மையாகச் சொன்னால் எம்எல் கிட் அளவுக்கு இல்லை. பளபளப்பு அட்டை, மங்கலான வெளிச்சம், கொஞ்சம் சாய்வு என்று வந்தால் திணறுகிறது. அதன் ஜாவா வடிவத்தில் புதிதாக எதுவும் சேர்ப்பதும் இல்லை, பராமரிப்பு மட்டும்தான். இங்கே ஒரு சுருக்குவழி கைகொடுத்தது. புத்தகங்களின் ஐஎஸ்பிஎன் பார்கோடு எல்லாமே இஏஎன்-13 என்ற 13 இலக்க வகை, தொடக்கம் 978 அல்லது 979. எல்லா வகைப் பார்கோடையும் தேடாதே, இஏஎன்-13 மட்டும் பார் என்று கட்டுப்படுத்தினேன். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அது ஒத்துவந்து தொடக்கமும் சரியாக இருந்தால்தான் ஏற்பது என்று வைத்தேன். வேகம் கூடியது, தவறாகப் படிப்பது கிட்டத்தட்ட நின்றுபோனது. டார்ச் பொத்தானைத் திரையில் பெரிதாக வைத்ததும் பளபளப்பு அட்டை தவிர மற்றதெல்லாம் சமாளித்துவிட்டது. ஏபிகே அளவும் நன்றாகவே இளைத்தது.

ஸ்கேனர் இன்னொன்றையும் பிடித்தது, அது எனக்குப் புதுச் செய்தி. ஆப்பைக் கட்டும் கருவியான ஆண்ட்ராய்டு கிராடில் பிளகின், ஆப் எந்தெந்த லைப்ரரிகளைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலைக் கூகுளின் கீயால் (டிஜிட்டல் திறவுகோலால்) பூட்டி ஏபிகேயின் கையெழுத்துப் பகுதிக்குள் தானாக வைத்துவிடுகிறது. நாம் கட்டிய கோப்புக்குள் நம்மாலேயே படிக்க முடியாத ஒரு துண்டு! எஃப்-டிராய்டு அதை ஏற்பதில்லை. கிராடில் கோப்பில் இரண்டு வரி சேர்த்தால் போய்விடும், ஆனால் யாராவது சொல்லாமல் தெரியவருவது கஷ்டம்.

சரி, இப்போது கீ விஷயம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஏபிகேயும் ஒரு கீயால் கையெழுத்திடப்பட்டிருக்கும். போனில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பின் கையெழுத்தும் புதிய பதிப்பின் கையெழுத்தும் ஒத்துப்போனால்தான் அப்டேட் ஏறும். ஒத்துப்போகவில்லை என்றால் பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத்தான் புதியதைப் போட முடியும், உள்ளே சேர்த்துவைத்ததும் அதோடு போகும். நூற்றுக்கணக்கான புத்தகங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருப்பவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

எஃப்-டிராய்டில் வழக்கமான ஏற்பாடு, அவர்களே பில்ட் செய்து அவர்கள் வைத்திருக்கும் கீயால் கையெழுத்திடுவது. நமக்கு வேலை மிச்சம். ஆனால் ஒருமுறை அப்படி வெளியாகிவிட்டால், அங்கிருந்து எடுத்த பயனர்கள் அந்தக் கீயோடு கட்டுண்டவர்கள். நம் சொந்தக் கீயால் கையெழுத்திட்ட ஏபிகேயே அங்கே வர வேண்டும் என்றால் "ரீப்ரொட்யூசிபிள் பில்ட்" தேவை. நான் பில்ட் செய்ததும் அவர்கள் அதே கமிட்டிலிருந்து பில்ட் செய்ததும் ஒரு பைட்கூடப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். என் ஏபிகேயில் இருக்கும் கையெழுத்தை எடுத்து அவர்களுடைய பில்ட்டில் பொருத்திப் பார்ப்பார்கள். செல்லுபடியானால் என் கையெழுத்தோடு வெளியிடுவார்கள். வெளியான கோடுதான் ஏபிகேயில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதல் பதிப்பிலேயே இதைச் செய்துவிட வேண்டும், பிறகு மாற்றினால் அந்த அன்இன்ஸ்டால் தலைவலி வரும்.

சொல்வதற்கு எளிது. முதல் ஒப்பீட்டில் இரண்டு ஏபிகேயும் ஒத்துவரவில்லை. டிஃபோஸ்கோப் என்ற கருவி இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் உள்ளே புகுந்து எங்கே வேறுபடுகிறது என்று காட்டும். "ஆப் பற்றி" திரையில் பில்ட் ஆன நேரத்தைக் காட்டும் வழக்கம் எனக்கு உண்டு. நேரம் ஒவ்வொரு பில்ட்டுக்கும் மாறுமே, அதனால் கமிட்டின் நேரத்தைக் காட்டும்படி மாற்றினேன். அடுத்து பேஸ்லைன் புரொஃபைல் கோப்பு. ஆப் வேகமாகத் திறப்பதற்காகக் கருவியே உண்டாக்கும் கோப்பு அது, ஆனால் உள்ளே இருப்பவற்றின் வரிசை ஒவ்வொரு தடவையும் ஒன்றாக வரவில்லை. அந்த வேலையையே கிராடிலில் நிறுத்திவிட்டேன். திறக்கும் வேகத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மிச்சம் இருந்தது ஜேடிகே என்ற ஜாவா கருவித்தொகுப்பின் பதிப்பு. அவர்கள் பில்ட் செய்வது டெபியன் என்ற லினக்ஸில். நானும் ஒரு கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாக ஒதுக்கிய சூழலில்) அதே டெபியனை ஏற்றி, அதன் ஜேடிகேயை வைத்து, புதிதாக எடுத்த கோடிலிருந்து மட்டும் பில்ட் செய்யத் தொடங்கினேன். அன்றிலிருந்து வெளியீட்டு ஏபிகேயை என் வேலைக் கணினியில் நேரடியாகக் கட்டுவதே இல்லை.

மெர்ஜ் ரெக்வெஸ்டில் தானியங்கிச் சோதனைகள் ஓடிய பிறகு ஒரு ரிவ்யூவர் வந்தார். அவர் கேட்டதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். "இன்டர்நெட் அனுமதி எதற்கு? ஸ்கேன் செய்த எண் எப்போது, எங்கே போகிறது?" ஓப்பன் லைப்ரரிக்குப் போகிறது என்றேன். அதுவும் திறந்த மென்பொருளில் ஓடுவதால் சிக்கல் இல்லை. மூடிய சேவையாக இருந்திருந்தால் ஆப்பின் பக்கத்தில் "ஆன்டி-ஃபீச்சர்" என்று அடையாளம் ஒட்டியிருப்பார்கள். தடை செய்ய மாட்டார்கள், பயனருக்குத் தெரியும்படி எழுதிவைப்பார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. அவர் அத்தோடு விடவில்லை. "முதல் முறை ஆப்பைத் திறப்பவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுதான். அவர் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் முதல் ஸ்கேனின்போது "இணையத்தில் தேடலாமா?" என்று கேட்கும்படி மாற்றினேன். வேண்டாம் என்றால் கையால் தட்டிக்கொள்ளலாம். ஒரு படிவத்தில் டிக் போட்டுக் கடந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன்.

எல்லாம் சட்டென்று நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் வருபவர்கள், பதில் வர நாளாகும். மெர்ஜ் ஆன பிறகும் அடுத்த பில்ட் சுற்று முடிந்து, கையெழுத்து, இன்டெக்ஸ் எல்லாம் ஆகிப் பட்டியலில் தெரியச் சில நாள் பிடிக்கும். அவசரத் திருத்தம் என்றால் இது உறுத்தும். அதற்காக இஸ்ஸி ஆன் டிராய்டு என்ற இன்னொரு ஆப் களஞ்சியத்திலும் சேர்த்திருக்கிறேன். அங்கே டெவலப்பர் வெளியிட்ட ஏபிகேயையே எடுத்துக்கொள்வார்கள், அதனால் சீக்கிரம் வந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே கீ என்பதால் பயனர் இங்கிருந்து அங்கே மாறினாலும் அப்டேட் ஏறும். கீக்காகப் பட்ட பாட்டுக்கு உடனே கிடைத்த பலன் இதுதான்.

ஐபோனுக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். உரிமம் இன்னொரு காரணம். விஎல்சி பிளேயர் 2011இல் ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கியதே ஜிபிஎல்லுக்கும் ஸ்டோர் விதிக்கும் ஒத்துவராததால்தான். உரிமத்தை மாற்றிய பிறகு 2013இல் திரும்பி வந்தது. என் ஆப்பில் மற்றவர்கள் எழுதிய கோடும் இருக்கிறது, எல்லாரிடமும் சம்மதம் வாங்கி உரிமத்தை மாற்ற எனக்கு மனமில்லை.

கீயை நானே வைத்திருப்பதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஸ்டோருக்கு வெளியே ஆப் தருபவர்களும் தங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து, ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் (ஆப்பை அடையாளம் காட்டும் தனிப்பெயர்) கீயையும் பதிவு செய்ய வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027 முதல் மற்ற நாடுகள் என்பது அந்த அறிவிப்பு. கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களுக்கு இது பொருந்தும். மற்றவர்களுடைய ஆப்புகளின் பெயரையெல்லாம் தாங்கள் பதிவு செய்ய முடியாது, டெவலப்பர்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, இது அப்படியே வந்தால் திட்டத்துக்கே முடிவு என்று எஃப்-டிராய்டு வெளிப்படையாக எழுதியது. எதிர்ப்பு வலுத்த பிறகு, விவரம் தெரிந்த பயனர்கள் எச்சரிக்கைகளைக் கடந்து பதிவில்லாத ஆப்பையும் நிறுவிக்கொள்ள ஒரு வழி வைப்பதாக 2025 நவம்பரில் கூகுள் சொன்னது.

மோசடி ஆப்புகள் பெருகுகின்றன என்ற கூகுளின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஆப் என்ன செய்கிறது என்று கேட்பதும், எழுதியவர் யார் என்று கேட்பதும் வேறு வேறு. என் ரிவ்யூவர் முதலாவதைத் துருவித் துருவிக் கேட்டார், இரண்டாவதைக் கேட்கவே இல்லை. என் பெயரைக் கொடுப்பதில் எனக்குப் பெரிய தயக்கம் கிடையாது. பெயரைச் சொல்ல முடியாத நிலைமையில் நல்ல ஆப் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் கட்டணமில்லாத கணக்கு உண்டு என்கிறார்கள், ஆனால் அதில் எத்தனை போன்களுக்குத் தரலாம் என்பதற்கு வரம்பு இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பட்டியலில் இருக்கும் ஆப்புக்கு அது உதவாது. பதிவு செய்வதானால் முழுக் கணக்குதான். கீ என் கையில் இருப்பதால் செய்வதா வேண்டாமா என்பது என் முடிவாகவாவது இருக்கிறது.

இப்போதைக்குக் கீயின் கைரேகை எண்ணை (கீயை அடையாளம் காட்டும் சுருக்க எண்) ரீட்மி கோப்பில் போட்டிருக்கிறேன், சரிபார்க்க விரும்புபவர்கள் பார்த்துக்கொள்ளலாம். கீ இருக்கும் கோப்பான கீஸ்டோரின் நகலை இரண்டு தனித்தனி இடங்களில் வைத்திருக்கிறேன். புதிய பதிப்புக்கு, கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் டேக் (பதிப்பு அடையாளம்) போட்டால் போதும், எஃப்-டிராய்டு தானாகவே எடுத்துக்கொள்கிறது, யாம்லைத் தொட வேண்டியதில்லை. அடுத்த பதிப்பில் இசட்க்ராஸிங்கின் சி++ வடிவத்துக்கு மாறும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. பளபளப்பு அட்டையை அது நன்றாகவே படிக்கிறது. அந்த சி++ லைப்ரரி சேர்ந்த பிறகும் இரண்டு பில்ட்டும் ஒத்துவருகிறதா என்று டிஃபோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் டேக் போடுவேன்.