ரஸ்ஸலா, ஹக்கீமா, கோபேரா?

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏ வரலாற்றுலயே பெஸ்ட் டிஃபெண்டர் யாருன்னு பேச்சு வந்தா உடனே பிளாக் (எதிராளி ரிங்கைப் பார்த்து போடுற ஷாட்டைத் தட்டித் தடுக்கிறது) கணக்கைத்தான் எல்லாரும் எடுக்குறாங்க, அங்கயே பில் ரஸ்ஸலுக்கு அநியாயம் நடந்துடுது. ஏன்னா என்பிஏல பிளாக்கை எண்ண ஆரம்பிச்சதே 1973-74 சீசன்லதான், அவர் 1969லயே ரிடையர் ஆகிட்டார். 13 சீசன்ல 11 சாம்பியன்ஷிப், ஆனா பிளாக் கணக்குல அவர் பேரே கிடையாது! இத்தனைக்கும் அவர் பிளாக் பண்ணா பாலை கூட்டத்துக்குள்ள அடிச்சு விடமாட்டார், முடிஞ்சவரைக்கும் தன் டீம் ஆள் கைக்கே போற மாதிரி தட்டி விடுவார், எதிராளி திரும்பி வந்து சேர்றதுக்குள்ள பாய்ஞ்சு போற ஃபாஸ்ட் பிரேக்குக்கு அவர் டீமான செல்டிக்ஸ் அங்கேருந்தே கிளம்பிடும். மத்தவங்க பிளாக்கும் இதுவும் ஒண்ணா?

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், ரஸ்ஸல் ஆடினப்போ என்பிஏல த்ரீ பாயிண்ட் லைனே (அதுக்கு வெளிய தூரத்துலேருந்து போட்டா ரெண்டுக்குப் பதில் மூணு பாயிண்ட்) இல்ல, அது வந்தது 1979லதான். ரிங்குக்குக் கீழ நின்னு காவல் காத்தா பெரும்பாலும் போதும்.

இப்போ ரூடி கோபேரைப் பாருங்க. நாலு தடவை டிஃபென்சிவ் பிளேயர் ஆஃப் த இயர் வாங்கினவர், ஆனாலும் 2021 பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு நடக்கிற நாக்-அவுட் சுற்று) கிளிப்பர்ஸ் கிட்ட அவரோட அப்போதைய டீம் ஜாஸ் தோத்த அந்த ஆறாவது கேம்ல கிளிப்பர்ஸ் ஆள் டெரன்ஸ் மான் 39 பாயிண்ட் அடிச்சதை வச்சு இன்னும் அவரைத் திட்டுறாங்க. அந்த மேட்சைத் திரும்பப் போட்டுப் பாருங்க, முன்னாடி நின்னு தடுக்க வேண்டிய ஜாஸ் கார்டுங்க (வெளிய ஆடுற பிளேயருங்க) வரிசையா ஏமாந்து ஆளை உள்ள விடுறாங்க, கோபேர் ரிங்கைக் காப்பாத்த ஓடுறார், அந்த கேப்ல கார்னர்ல மான் தனியா நிக்கிறார். ஒரே ஆள் ரெண்டு இடத்துல எப்படி நிப்பார்? எல்லாப் பழியையும் அவர் மேல போடுறது தப்பு.

இருந்தாலும் வெளிய போயும் காக்கணும், உள்ளயும் காக்கணும்னு பார்த்தா எனக்கு ஹக்கீம் ஒலாஜுவான்தான். 3,830 பிளாக், இன்னிவரைக்கும் அதை யாரும் தொடல, கூடவே 2,162 ஸ்டீல் (எதிராளி கிட்டேருந்து பாலைப் பறிக்கிறது), ரிங் பக்கத்துல ஆடுற உயரமான ஆளான ஒரு சென்டர் இத்தனை ஸ்டீல் எடுக்கிறதெல்லாம் நெனச்சுப் பார்க்க முடியாத விஷயம். ஆனா நான் அவரைச் சொல்றது இந்த நம்பருக்காக இல்ல, 1994 ஃபைனல்ஸ் ஆறாவது கேமோட கடைசி செகண்டுக்காக. நாலு கேம் ஜெயிச்சா கோப்பை, நிக்ஸ் 3-2ன்னு முன்னாடி, அந்த கேம்ல ஹக்கீமோட டீம் ராக்கெட்ஸ் 86-84ன்னு முன்னாடி, நிக்ஸோட ஜான் ஸ்டார்க்ஸ் நாலாவது குவார்ட்டர் முழுக்க அடிச்சு நொறுக்கிட்டு இருக்கார், அவர் கைல பால், த்ரீ போட எழும்புறார், போயிருந்தா கோப்பை நிக்ஸுக்கு. ஹக்கீம் அந்தப் பெரிய உடம்போட லைனுக்கு வெளிய ஓடி வந்து விரல் நுனில அந்த ஷாட்டைத் தட்டிட்டார். ஏழாவது கேமும் ராக்கெட்ஸ் ஜெயிச்சு கோப்பையை எடுத்தாங்க.

இன்னிக்கு எல்லா டீமும் சென்டர் கிட்ட கேக்கிறது அந்த ஓட்டத்தைத்தான். ரஸ்ஸலும் காலேஜ்ல ஹை ஜம்ப் பண்ணவர், அந்த வேகத்துக்கு இந்தக் காலத்துலயும் வெளிய வந்து தடுத்திருப்பார்னுதான் நெனைக்கிறேன். ஆனா ஹக்கீம் காத்ததை நம்ம கண்ணாலயே பார்க்க முடியுது.