15 வயதில் ஒரு டிரான்ஸ்கிரிப்ட்

ஹூஸ்டனில் ஒரு சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு வருடமாகப் படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சலராக இருக்கிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான், ஃபீஸ் கிடையாது. ஆனால் உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் கீழ் வராது. டெக்சாஸில் இதற்கான சட்டம் 1995இல் வந்தது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான்.

எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டே கம்யூனிட்டி காலேஜ் எனும் இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியின் பாடங்களையும் எடுப்பார்கள். முடிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் புள்ளிதான் கிரெடிட்; நான்கு வருடத்தில் 60 கிரெடிட் சேர்த்தால் பள்ளிச் சான்றிதழோடு, அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடக் கல்லூரிப் பட்டமும் கைக்கு வந்துவிடும். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு வருடக் கல்லூரிச் செலவு மிச்சம். இதைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்கத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

ஆனால் 15 வயதில் வாங்கும் மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவில், கடைசிவரை நிற்கும். சேர்க்கைக் கூட்டங்களில் இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவோம். நானும்தான்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இங்கிலீஷ் 1301 என்ற கல்லூரிக் கட்டுரைப் பாடத்தை எடுத்திருந்தான். முதல் கட்டுரைக்கு 58. அவன் அம்மா வேலை முடிந்த கையோடு வந்து, ஸ்பானிஷ் தெரிந்த சக ஆசிரியை மூலமாகக் கேட்டார்: "நான் போய் அந்த வாத்தியாரிடம் பேசலாமா?" கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது எதுவானாலும், அங்குள்ள பதிவுகளின் உரிமை மாணவனுக்குப் போய்விடும். 1974ஆம் வருடத்துச் சட்டம் அது. கேட்க வேண்டியவன் அவன்தான் என்றேன். "அவன் குழந்தைதானே?" என்றார் அந்த அம்மா. என்னிடம் பதில் இல்லை. திருநெல்வேலியில் என் அப்பா இதற்கு நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போயிருப்பார்.

மறுநாள் பையன் என் மேஜையில் உட்கார்ந்து பேராசிரியருக்கு மெயில் எழுதினான். முதலில் எழுதியது ஒரே வரி: "என் மார்க் ஏன் குறைந்தது?" எந்த வகுப்பு, எந்தக் கட்டுரை, எந்த இடம் புரியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க நாற்பது நிமிடம் ஆனது. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபடி, "கோவிச்சுக்க மாட்டாரே மிஸ்?" என்று இரண்டு தடவை கேட்டான்.

வரச் சொல்லிப் பதில் வந்தது. அவர் கொடுத்த நேரத்தில் இவனுக்கு ஜியோமெட்ரி வகுப்பு. சரி, அனுமதிச் சீட்டு எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தவன் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினான். ஒரு வாக்கியத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம். "என் கட்டுரை இங்கேதான் ஆரம்பிக்குதாம் மிஸ். முன்னாடி இருக்கிற ரெண்டு பக்கமும் வேண்டாமாம்." முகம் முழுக்கச் சிரிப்பு.

அந்தப் பாடத்தில் கடைசியில் சி கிரேடு வாங்கினான். அந்த சி அழியாது, எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரே செமஸ்டரில் மூன்று கல்லூரிப் பாடம் என்ற அட்டவணையில் கையெழுத்துப் போட்டவள் நான்.

அப்புறம் அவன் 60ஐத் துரத்தவில்லை. 42 கிரெடிட் கோர் பாடங்களை, அதாவது எல்லோரும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்களை, முடித்தான். அது முடிந்திருந்தால் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் மொத்தமாக ஏற்றுக்கொள்ளும். நிர்வாகத்துக்கு டிகிரி எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அது பற்றிய கூட்டத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் ஒரே ஒரு கல்லூரிப் பாடம்தான். முதல் வாரமே, மதிப்பெண் எதுவும் வருவதற்கு முன்னால், பேராசிரியருக்கு ஒரு மெயில் எழுத வைக்கிறேன்.