கையை ஊன்றாமல் எழுந்திருப்பது

பிப்ரவரி 3, 2026, செவ்வாய்

ரியோ டி ஜெனிரோவில் ஒரு டாக்டர் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வை இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். அவர்கள் வைத்த சோதனை ரொம்ப எளிது. வெறுங்காலோடு நின்று, எதையும் பிடிக்காமல் தரையில் உட்கார வேண்டும், அப்படியே எழுந்திருக்க வேண்டும். மொத்தம் 10 மதிப்பெண். கையை ஊன்றினால் ஒன்று போச்சு, முட்டியை ஊன்றினால் இன்னொன்று, தடுமாறினால் அரை. 51 முதல் 80 வயது வரை 2002 பேரைச் சோதித்துவிட்டு, அப்புறம் சில வருஷம் கவனித்திருக்கிறார்கள். 3-க்கு மேல் தாண்டாதவர்களில் இறப்பு, 8 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களைப் போல 5 மடங்குக்கும் அதிகம். தரையில் உட்கார்ந்தாலே ஆயுள் கூடிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. கால் வலு, மூட்டு மடங்குவது, நிதானம் எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரே அசைவு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

யோசித்துப் பார்த்தால் இந்தச் சோதனை நம் வீடுகளில் நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தது. சாப்பிட, அரிவாள்மணையில் காய் நறுக்க, கோலம் போட, பாயை விரித்துப் படுக்க, காலைக்கடனுக்குக் குந்த. இப்போது டைனிங் டேபிள், கட்டில், மேடைக் கிச்சன், வெஸ்டர்ன் டாய்லெட். முட்டி வலிக்காரர்களுக்கு இவை பெரிய உதவி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வலியே இல்லாத 40 வயதுக்காரரும் வாரக்கணக்கில் தரையைத் தொடாமல் இருக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை.

அம்மாவுக்கு 74. இன்று சாமி விளக்கேற்றிவிட்டு எழுந்தபோது கவனித்தேன். முதலில் ஒருக்களித்து வலது உள்ளங்கையைத் தரையில் பதித்தார், இடது கை அலமாரி விளிம்பைத் தேடியது, பாதி எழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், அப்புறம்தான் முதுகு நிமிர்ந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

30 வயதைத் தாண்டினால் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, 60-க்கு மேல் இன்னும் வேகமாக. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்து 1990-ல் ஓர் ஆய்வு வந்தது. முடித்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது, நடையும் வேகமானது. அம்மாவிடம் சொன்னேன். "தொண்ணூறு வயசுக்காரங்களா? அப்ப நான் சின்னப் பிள்ளைடா" என்றார். சரி, சம்மதம் கிடைத்துவிட்டது!

பிப்ரவரி 9, திங்கள்

டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பித்தோம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது. எழுவதைவிட உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது: தொப்பென்று விழக்கூடாது, மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்க வேண்டும், அப்போதுதான் தொடை வேலை செய்யும்.

பிப்ரவரி 14, சனி

சாப்பாடும் மாற வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. அம்மா 55 கிலோ. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி மோர் சாதம் என்று போனால் அதில் பாதிகூட வராது. முட்டை, சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்து வைத்திருக்கிறோம். முகச் சுருக்கத்துக்குப் பவுடர் விற்கிற விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அந்தக் காசுக்கு ஒரு மாதம் முட்டை வாங்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

நாற்காலியிலிருந்து உயரம் குறைந்த முக்காலிக்கு மாறிவிட்டோம், பிடிமானம் இல்லாமல் எழுகிறார். அடுத்து மனைப்பலகை. பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருப்பதால் முதலில் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.