"சாப்பிட்டியா"ன்னு கேட்டாரே, அது போதாதா?

அப்பா 2017 மார்ச்சில் போனார். கருமாதி முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த அன்று சாயங்காலம் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா எல்லாத்தையும் என் பேருக்கு எழுதி வச்சிட்டாரும்மா, ரிஜிஸ்டர் பண்ணின உயில்" என்றார். எனக்கும் தங்கைக்கும் வாயே வரவில்லை. ரிஜிஸ்டர் ஆகிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம், எங்கள் கும்பகோணம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது தப்பு என்று தெரியவே ஐந்து மாதம் ஆனது, எல்லாம் முடிய ஐந்து வருஷம்.

முதலில் நகல் வாங்கிய கதை. உயிலை வில்லங்கச் சான்றில் தேடாதீர்கள், அதில் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலுக்குத் தனியாக 3-ஆம் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல், இறந்துவிட்டால் யார் மனுப் போட்டாலும் கொடுப்பார்கள். இறப்புச் சான்றை வைத்து வாங்கினேன்.

2017 ஜனவரி 19-ஆம் தேதி எழுதிய உயில். சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்திருக்கிறார். அப்பா கையெழுத்துப் போடவில்லை, இடது பெருவிரல் ரேகை. முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவர், முந்தின நவம்பரில்கூட பென்ஷன் பணத்துக்குச் செக்கில் கையெழுத்துப் போட்டவர். சாட்சி இரண்டு பேர், ஒருவர் அண்ணியின் தம்பி, இன்னொருவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மகள்களுக்குக் கல்யாணத்தின்போதே சீர் செய்தாகிவிட்டது என்கிற வழக்கமான வரி. அதையெல்லாம் படித்துக் கோபம் வந்ததே தவிர வேறொன்றும் புரியவில்லை. தங்கைதான் சொத்து விவரப் பட்டியலில் விரலை வைத்து, "அக்கா, இந்த மேட்டு மனையை அப்பா வித்துட்டாரே" என்றாள். ஆமாம், 2009-இல் விற்றது, அவளுடைய பிரசவச் செலவுக்கு. விற்ற மனையை அண்ணனுக்கு உயில் எழுதி வைத்திருக்கிறார்!

வக்கீல் ஐயாவிடம் போனபோது நாங்கள் ஒரு மணி நேரம் புலம்பினோம். அண்ணன் மிரட்டி வாங்கிவிட்டார், போனை எடுத்து வைத்துக்கொண்டார், பொங்கலுக்குப் போனபோது அப்பாவோடு ஐந்து நிமிஷம் தனியாக இருக்க விடவில்லை, இப்படி. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்தத் தேதி, யார், என்ன சொல்லி மிரட்டினாங்க?" என்றார். தெரியாது. "மிரட்டல், வற்புறுத்தல்னு பிளெயின்ட்ல, அதான் வழக்கு மனுவுல, போட்டா விவரத்தோட போடணும், நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். அப்பாவுக்குத் தெளிவான மனநிலை இருந்துச்சான்னு கேட்டா நிரூபிக்க வேண்டியது உயிலைக் காட்டுறவங்க" என்றார். எனக்கு இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் முழு ஃபீஸும் தகும் என்று தோன்றியது.

அப்புறம் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். பிரிவு 61-க்குக் கீழே குட்டிக் கதை மாதிரி உதாரணங்கள் இருக்கின்றன. ஒருவர் இன்னொருவரைக் குழைந்து குழைந்து கவனித்து, புகழ்ந்து பேசி, அதனால் ஏற்பட்ட பிரியத்தில் சொத்து எழுதி வாங்கினால் அது செல்லும்! கெஞ்சிக் கேட்டு வாங்கினாலும், எழுதுகிறவர் சுயமாக யோசித்துச் செய்திருந்தால் செல்லும். ஆனால் எதிர்த்து நிற்கத் தெம்பில்லாத நோயாளி, 'தொல்லை விட்டால் போதும்' என்று நிம்மதிக்காக எழுதிக்கொடுத்தால் செல்லாது. அண்ணன் இதில் எந்த இடத்தில் நிற்கிறார் என்று எனக்கு அன்றைக்கும் நிச்சயமில்லை, இன்றைக்கும் இல்லை.

பிரிவு 59-இல் இருக்கும் உதாரணத்தைப் படித்தபோதுதான் எனக்கு அப்பா நினைவு வந்தது. பக்கத்தில் நடப்பது தெரிகிறது, பழக்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், ஆனால் தன் சொத்து என்ன, தன் உறவு யார், யாருக்குக் கொடுப்பது நியாயம் என்பதை அறியும் திறன் இல்லை என்றால் அவர் எழுதும் உயில் செல்லாது. கடைசி ஒரு வருஷம் அப்பா அப்படியேதான் இருந்தார். யார் வந்தாலும் சிரித்துக்கொண்டு "சாப்பிட்டியா?" என்பார். என்னிடம் கேட்டார், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடமும் கேட்டார். பார்க்கிறவர்களுக்கு நல்ல தெளிவாக இருக்கிற மாதிரிதான் தெரியும்.

அடுத்தது ஆஸ்பத்திரிக் காகிதம். இதை யாரும் தள்ளிப் போடாதீர்கள். டாக்டர்கள் உள்நோயாளி ரெக்கார்டுகளை மூன்று வருஷம்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி, கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் விதி. நாங்கள் போன தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் அலையவிட்டார்கள், அது வேறு விஷயம். 2016 டிசம்பரில் ஒன்பது நாள் உள்ளே இருந்தார், ரத்தத்தில் சோடியம் ரொம்பக் குறைந்து 116, நேரம் இடம் ஆள் எதுவும் புரியவில்லை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. இதுவே போதும் என்று குதித்தோம். வக்கீல் குதிக்கவில்லை. சோடியம் ஏறினால் அந்தக் குழப்பம் தெளிந்துவிடும், ஜனவரி 19 அன்று எப்படி இருந்தார் என்பதுதான் கேள்வி என்றார். காப்பாற்றியது அலமாரியில் கிடந்த ஒரு பழைய ஓபி சீட்டு. அக்டோபரில் நரம்பியல் டாக்டர் ஞாபகசக்திப் பரிசோதனை செய்து 30-க்கு 14 என்று குறித்திருந்தார்.

2018 பிப்ரவரியில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொத்தெல்லாம் அப்பா சம்பாதித்தது, வீடும் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நஞ்சையும். பூர்வீகமாக இருந்தால் எங்களுக்குப் பிறப்பிலேயே பங்கு, வாதமே வேறு மாதிரி போயிருக்கும். இதில் உயில் செல்லும் என்றால் எங்களுக்கு ஒன்றுமில்லை, செல்லாது என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மகளை ஒதுக்கியதாலேயே உயில் சந்தேகத்துக்குரியதாகிவிடாது என்பதையும் வக்கீல் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், யாரையாவது ஒதுக்கத்தான் உயிலே எழுதுகிறார்கள். ஆனால் 1958-இல் வேங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் அவர் நம்பியிருந்தார்: பலன் அடைகிறவரே உயில் எழுதும் வேலையில் முன்னால் நின்றிருந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியதும் அவர்தான். பத்திர எழுத்தரை அழைத்து வந்தது, சார்பதிவாளருக்கு மனுப் போட்டது, காரில் கூட்டி வந்தது, எல்லாம் அண்ணன்.

என்னைக் கூண்டில் ஏற்றியது 2019 ஜூலையில். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்டது: "கடைசி ஆறு மாசத்துல அப்பாவை எத்தனை தடவை போய்ப் பாத்தீங்க?" மூன்று தடவை. "ஆஸ்பத்திரியில ராத்திரி யார் இருந்தது?" அண்ணன். "படுக்கையில சுத்தம் பண்ணினது யாரு?" அதுவும் அண்ணன்தான். பொய் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது, இந்த வழக்கைப் போட்டிருக்கவே கூடாதோ என்று தோன்றியது. தங்கைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை, "பாத்துக்கிட்டாரு, சரி, அதுக்காக வித்த மனையையும் அப்பா எழுதி வைப்பாரா?" என்றாள்.

டாக்டர் சம்மனில் வந்தார். 14 மதிப்பெண்ணை வைத்து மட்டும் உயில் எழுதத் தகுதியில்லை என்று சொல்ல முடியாது, ஜனவரியில் நான் அவரைப் பார்க்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இந்த வகை மறதி தானாகத் திரும்பி நன்றாவதில்லை என்றும் சொன்னார். எங்களுக்குப் பாதி, அவர்களுக்குப் பாதி.

திருப்பம் பக்கத்து வீட்டுப் பெரியவரால் வந்தது. உயிலில் ஒரு சாட்சியையாவது கோர்ட்டில் விசாரித்தே ஆக வேண்டும், பதிவு செய்த உயிலுக்கும் விதிவிலக்கு கிடையாது. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பதை இரண்டு சாட்சிகளும் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 'இது என்னுடையதுதான்' என்று அவரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அண்ணியின் தம்பி சிங்கப்பூரில் இருந்ததால் பெரியவரைக் கூப்பிட்டார்கள்.

"ஐயா தெளிவாத்தாங்க இருந்தாரு. என்னைப் பாத்து 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாருங்க."

எங்கள் வக்கீல் எழுந்தார். "பேர் சொல்லிக் கூப்பிட்டாரா?"

"இல்லைங்க."

"ரேகை வைக்கும்போது எங்க இருந்தீங்க?"

"கொல்லைப் பக்கம் நின்னேங்க. கூப்பிட்டாங்க, வந்து கையெழுத்துப் போட்டேன்."

"இது என் ரேகைதான்னு அவர் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லலைங்க. சிரிச்சாருங்க."

அவர் யாருக்கும் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை, பாவம், நடந்ததைச் சொன்னார். அவரால் நிரூபிக்க முடியாமல் போனதால் இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்தாக வேண்டிய நிலை அவர்களுக்கு. அண்ணியின் தம்பி வரவில்லை, வாய்தா வாங்கினார்கள், 2020-இல் கொரோனா வந்து எல்லாமே நின்றது.

மறுபடி கோர்ட் திறந்த பிறகு அவர்கள் பக்கமிருந்தே சமாதானப் பேச்சு வந்தது. 2022-இல் லோக் அதாலத்தில், அதாவது இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்துக்கொண்டோம். வீடு முழுக்க அண்ணனுக்கு, நஞ்சையில் ஆளுக்கு இரண்டு மா. ஆக, உயில் செல்லாது என்று எந்தத் தீர்ப்பும் வரவில்லை, யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்ல முடியும். லோக் அதாலத்தில் முடிந்தால் அப்பீலும் கிடையாது. இன்னும் ஒரு வருஷம் நின்றிருந்தால் வீட்டிலும் பங்கு கிடைத்திருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். நான்தான் போதும் என்றேன், வேப்ப மரத்தடியில் நின்றது நினைவிருந்தது. தங்கை கையெழுத்துப் போட்டாளே தவிர அதற்காக இன்றைக்கும் என்னைத் திட்டுகிறாள். கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பி வந்தது, அதை எடுத்து சர்வேயரை வைத்து நிலத்தை அளந்து மூன்று பட்டாவாகப் பிரித்தோம். அளக்கிற அன்று அண்ணன் வரவில்லை, அவருடைய பையனை அனுப்பியிருந்தார்.