பெயர்ப்பலகைக்கு வி-கார்வா, ஆஸ்பயரா?

புதுசாக சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைக் குடையும் மெஷின்) இறக்கும் நம்ம பக்கத்துத் தம்பிகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, எந்த சாஃப்ட்வேர் போடட்டும்?"

முதலில் வருகிற ஆர்டரைப் பாருங்கள். நம்ம திருநெல்வேலி பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் வீடு கட்டுகிறவர்கள் கேட்பது தேக்குப் பலகையில் வீட்டுப்பெயர், மிஞ்சினால் ஓரத்தில் ஒரு பூங்கொடி. அதற்கு வெக்ட்ரிக் கம்பெனியின் வி-கார்வ் ப்ரோ சாஃப்ட்வேர் தாராளம். எழுத்தைக் குழிக்கலாம், சுற்றியுள்ள மரத்தை இறக்கி எழுத்தைப் புடைத்து நிற்க வைக்கலாம், எழுத்தின் நடுவில் கூரை முகடு மாதிரி விளிம்பு எடுக்கலாம். அதன் டெஸ்க்டாப் பதிப்பு மலிவு, ஆனால் வேலை 25 அங்குலச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும், கடைப் பலகைக்கு அது பற்றாது.

எழுத்தின் மேல்பக்கம் உருண்டு வரணும், நடுவில் பிள்ளையாரை நாமே உருவாக்கணும் என்றால்தான் அதே கம்பெனியின் விலை கூடிய ஆஸ்பயர். ரெடிமேட் எஸ்டிஎல் (முப்பரிமாணக் கோப்பு) பிள்ளையாரை வி-கார்விலேயே ஏற்றி வெட்டிவிடலாம், எதற்கு வீணாக அத்தனை காசு?

கிராக் போட்ட பழைய ஆர்ட்கேம் என்ற கார்விங் சாஃப்ட்வேரைப் பட்டறைகளில் இன்னும் ஓட்டுகிறார்கள். ஆட்டோடெஸ்க் அதை 2018-லேயே நிறுத்திவிட்டது, இப்போது அதன் வாரிசு கார்விகோ. பூஜையறைக் கதவு டிசைன்களை ஆர்ட்கேமின் ஆர்எல்எஃப் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கு கார்விகோதான் வசதி, அப்படியே திறக்கும்.

சரி, நமக்கென்று ஒரு தலைவலி இருக்கிறது, தமிழ் எழுத்து. கார்விங் சாஃப்ட்வேருக்குள்ளேயே தட்டினால் 'பொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கலாம், அதனால் கோரல், இங்க்ஸ்கேப் மாதிரி படம் வரையும் சாஃப்ட்வேரில் தட்டி, கர்வ் ஆக்கி (எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி), டிஎக்ஸ்எஃப் என்ற கோட்டுப்படக் கோப்பாகக் கொண்டுவந்துவிடுவது நிம்மதி. அப்புறம், வளைத்து வளைத்து எழுதிய ஃபான்ட்களில் ஒரு எழுத்தின் வால் அடுத்ததின் மேல் ஏறிக் கிடக்கும், அதை வெல்ட் அடித்து ஒரே வெளிக்கோடாக்காமல் டூல்பாத் (வெட்டும் பிட் ஓடும் பாதை) போடாதீர்கள். ணகரத்தின் சுழிக்குள் மிஞ்சும் குட்டி மரத்திட்டையும் பாருங்கள், மரத்தின் ரேகை குறுக்கே ஓடினால் பிட் பட்டதும் பிய்ந்து வந்துவிடும்.

தடித்த எழுத்தில் ஆழம் இன்னொரு வில்லங்கம். கோடு 25 மி.மீ. அகலம் என்றால் 90 டிகிரி வி-பிட் (வி வடிவக் கூர்முனை பிட்) 12.5 மி.மீ. இறங்கும், 60 டிகிரி பிட்டோ ஏறத்தாழ 21.6 மி.மீ. போகும். பலகையே 18 மி.மீ. என்றால் 60 டிகிரி பிட் அடியில் மெஷினின் பெட் வரைக்கும் ஓட்டை போட்டுவிடும். ஆழத்துக்கு வரம்பு போட்டு அடியைத் தட்டையாக்கச் சொல்லலாம், அந்த வசதி வி-கார்விலேயே உண்டு.

வெக்ட்ரிக் இலவச ட்ரயல் தருகிறது. நம் சொந்தக் கோப்புக்கு ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளைகள்) எடுக்க விடாது, ஆனால் வெட்டினால் எப்படி வரும் என்று திரையில் காட்டிவிடும். கஸ்டமர் கொடுத்த பெயரையே போட்டுப் பாருங்கள். அப்படியே உங்கள் மெஷினை ஓட்டுவது கம்ப்யூட்டரில் போடும் மாக்3-யா, டிஎஸ்பி கைக்கருவியா என்று பார்த்து, அதற்கான போஸ்ட் ப்ராசஸர் (ஜி-கோடை அந்த மெஷினுக்கு ஏற்ப எழுதித் தரும் பகுதி) சாஃப்ட்வேரின் பட்டியலில் இருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.